எட்டாம் தொகுதி

என் மாமனாருக்கு ஊர் வைத்த பெயர் 'உஷ்'. எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்தவர். யாராவது நாற்காலியைக் கொஞ்சம் இழுத்தால் போதும், மேசைக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வரும். அவர் கடைத்தெருவில் நடந்து போனால் பேசிக்கொண்டிருப்பவர்கள் தாமாகவே குரலைத் தணிப்பார்கள். அப்புறம்தான் தாங்கள் நிற்பது தெருவில் என்பது உறைக்கும். என் கணவருக்குப் பள்ளியில் 'சின்ன உஷ்' என்று பெயர். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த எனக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று இன்றுவரை யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

கோபக்காரர் இல்லை. சட்டம் பேசுபவர். ஒருமுறை என் மாமியார் எடுத்த புத்தகம் மூன்று நாள் தாமதமானபோது வீட்டு விலாசத்துக்கே நினைவூட்டல் அட்டை வந்தது. எழுதியவரும் அவர்தான், தபால்காரரிடம் வாங்கி மாமியாரிடம் நீட்டியவரும் அவர்தான். மாமியார் போய் ஆறு வருடமாகிறது. இருந்தவரை அந்த அட்டையை அவர் தூக்கிப் போடவே இல்லை. விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டிச் சிரிப்பார்.

அவர் ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் நூலகத்துக்கு ஐம்பது வயது நிறைந்தது. நூலகக் கமிட்டியின் தலைவர் வீட்டுக்கு வந்தார். பெயின்ட் கடைக்காரர், எதைப் பற்றிப் பேசினாலும் சுவருக்கு அடிக்கிற மாதிரியே பேசுவார்.

"சார், விழாவுக்கு ஒரு வரலாறு புத்தகம் போடறோம். உங்கள விட்டா யாருக்கு என்ன தெரியும்? நல்லா பளிச்சுனு எழுதிக் குடுங்க."

"நடந்தத எழுதறேன்" என்றார் மாமனார்.

நான் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் டைப் அடிப்பவள். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தபடி சொல்வார், நான் அடிப்பேன். ஆரம்பத்தில் அது எனக்குப் பிடித்தே இருந்தது. எங்கள் ஊர் நூலகம் ஒரு முடிதிருத்தும் கடையில் பிறந்தது என்பது எனக்கு அதுவரை தெரியாது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று அந்தக் கடைக்காரர் ஒரு பலகையில் பத்துப் பதினைந்து புத்தகம் வைத்தார். அது நூறானது. ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள், எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் நகராட்சிக்கு ஒரு மனு எழுதினார். அதன் நகல் இப்போதும் இருக்கிறது: 'தலையில் ஒரு முடிகூட இல்லாதவர்கள் என் கடையில் காலை முதல் வரிசையில் இருக்கிறார்கள். தயவுசெய்து இவர்களுக்கு வேறு இடம் கொடுக்கவும்.' நகராட்சி தன் பழைய எடைக்கல் கொட்டகையைக் கொடுத்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகம், இரண்டு பெஞ்சு.

பத்தாம் வருடம் மாமனார் வேலைக்கு வந்தார், இருபத்தோரு வயது. பதினாறாம் வருடம் கூரை ஒழுகி, உறுப்பினர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். இருபத்தைந்தாம் வருடம் இப்போதைய கட்டடம். மேற்குப் பக்கம் ஏழு ஜன்னல். வெயில் நேராக அலமாரியில் விழுந்து புத்தகங்களின் முதுகு வெளுத்தது. அந்த ஏழுக்கும் திரை தைத்தது யார் என்று சொல்லாமல், "திரைகள் போடப்பட்டன" என்று மட்டும் சொன்னார். நானும் அடித்தேன்.

இருபத்தாறு முடிந்தது. அடுத்த வாக்கியம் இருபத்தெட்டில் ஆரம்பித்தது.

"மாமா, இருபத்தேழு விட்டுப்போச்சு."

"அந்த வருஷம் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கல."

"ஒரு வரியாவது வேணாமா? பல்லு விழுந்த மாதிரி இருக்குமே."

"நடக்கலன்னு சொல்றேன்ல?" என்றார். முப்பத்தேழு வருட நூலகக் குரல் அது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் பழைய காகிதக் கட்டுகளை என்னிடம் கொடுத்திருந்ததும் அவர்தான். வியாழக்கிழமை மத்தியானம் தேதி ஒன்றைச் சரிபார்க்கத் தேடியபோது, இருபத்தேழாம் வருடக் கோப்பில் கார்பன் நகல் ஒன்று கிடைத்தது. அறிவிப்பு. 'கலைக்களஞ்சியம் முதல் தொகுதியில் 481 முதல் 496 வரை உள்ள பக்கங்களை வெட்டி எடுத்த குற்றத்துக்காகக் கீழ்க்கண்டவரின் உறுப்பினர் தகுதி நிரந்தரமாக ரத்து செய்யப்படுகிறது.' கீழே தையல்காரம்மாவின் பெயரும் விலாசமும். அதற்கும் கீழே என் மாமனாரின் கையெழுத்து, முத்து முத்தாக.

அந்தக் கதை எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பதினோரு வயது. ஊரில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் அம்மா நூலகப் புத்தகத்தைக் கத்தரித்துவிட்டார் என்று முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. பள்ளிச் சீருடை தைக்கிற வேலை அவரிடமிருந்து போனது. 'கத்திரி' என்ற பெயர் வந்தது. இத்தனையும் தெரிந்தும், அன்றைக்கு எனக்குப் புரியாதது ஒன்றுதான்: இதை ஏன் மாமா மறைக்கிறார்? திருடியது அவரில்லையே.

சாயங்காலம் காகிதத்தை அவர் முன்னால் வைத்து அதையே கேட்டேன். அவர் எழுந்து தன் அறைக்குப் போனார். வெள்ளி, சனி இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, சட்டைகள் வைக்கிற பெட்டியின் அடியிலிருந்து துணியில் சுற்றிய கனமான ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பச்சை அட்டை, பொன் எழுத்து. கலைக்களஞ்சியம், எட்டாம் தொகுதி. முதுகில் நூலக எண் அப்படியே இருந்தது.

"முப்பத்தேழு வருஷத்துல நான் வீட்டுக்குத் திருடிட்டு வந்த ஒரே புத்தகம் இதுதாம்மா" என்றார். "பிரிச்சுப் பாரு. நீராவிக் கப்பல்."

பிரித்தேன். கொதிகலன் படம் ஒன்று, புகைபோக்கி படம் ஒன்று, அடுத்த பக்கம் திடீரென்று பாவாடைகள். விதவிதமான கைகள், கழுத்துகள், மடிப்புகள். பக்க எண் 481. பதினாறு பக்கம் தாண்டி மறுபடி கப்பல்.

அவர் சுவரைப் பார்த்து நின்றபடிதான் மிச்சத்தைச் சொன்னார். அந்த வருடம் பன்னிரண்டு தொகுதிகளையும் மறுகட்டுக்குக் கொடுத்திருந்தார். கட்டுபவர் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுத் தைத்தபோது, முதல் தொகுதியின் ஒரு பாரம், அதாவது ஒன்றாக மடித்த பதினாறு பக்கம், எட்டாம் தொகுதிக்குள் போய்விட்டது. யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து ஓவிய வாத்தியார் ஒருவர் வந்து 'ஆடை' என்ற தலைப்பைக் கேட்டார். பக்கம் இல்லை. மறுகட்டுக்கு முன்னால் அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஆள்தான். தையல்காரம்மா வாரத்தில் நான்கு நாள் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவார். தங்கைக்குப் பதினேழு வயது, நன்றாக வரைவாள். அக்கா சொல்லச் சொல்ல அவள் அந்தச் சட்டைக் கைகளை நோட்டில் வரைந்துகொள்வாள்.

"அன்னிக்கும் வந்தாங்க. பக்கம் எங்கன்னு கேட்டேன். 'போன வாரமே பாத்தேன் சார், காணோம், உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்'ன்னு சொன்னாங்க. பையத் தொறங்கன்னேன். எல்லார் முன்னாலயும் தொறந்தேன். உள்ள கத்தரிக்கோல் இருந்துச்சு."

"தையல்காரங்க பையில வேற என்ன மாமா இருக்கும்?"

"அதான்மா" என்றார். "அதான். ஒரு பக்கத்த வெட்டினா முதுகோரம் ஒரு துண்டு நிக்கும். நேத்து வேலைக்குச் சேந்தவனுக்குக்கூடத் தெரியும். நான் விரலால ஒரு தடவ தடவிப் பாத்திருந்தா போதும். பாக்கல. எனக்குப் பாக்க வேண்டிய அவசியமே தோணல. அவ்வளவு நிச்சயமா இருந்தேன்."

நான்கு வருடம் கழித்து, கணக்கெடுப்புக்காக நூலகத்தை மூடியிருந்த ஒரு நாளில், தூசி தட்டும்போது எட்டாம் தொகுதி கை நழுவி விழுந்து நடுவில் திறந்துகொண்டது. உட்கார்ந்துவிட்டாராம். அந்த வருடம் மாவட்டத்தின் சிறந்த நூலகம் என்று பரிசு வருவதாக இருந்தது. அது வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பரிசு வந்தது, சுவரில் மாட்டினார். மாட்டிய பிறகு எப்படிச் சொல்வது? தொகுதியின் மேல் 'பழுது' என்று சீட்டு ஒட்டி இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்தார். ஓய்வு பெற்று சாவியை ஒப்படைக்கும் நாளில், அடுத்து வருகிறவர் பிரித்துப் பார்த்துவிடுவாரே என்று பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் பத்தொன்பது வருடம் சோறு போட்டுக்கொண்டே இருந்தார்.

"உன் மாமியார்கிட்டகூடச் சொல்லல" என்றார். "சொல்லியிருந்தா அவ மறுநாளே என்னக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பா. அதனாலதான் சொல்லல."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்குக் கீழே வேறு ஒன்று குறுகுறுத்தது. அது என்ன என்று அன்று நான் கிளறிப் பார்க்கவில்லை. "கெளம்புங்க மாமா, போகலாம்" என்று மட்டும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை போனோம்.

தையல்காரம்மாவின் கடை வீட்டின் முன்னறைதான். ஒரு மிதி இயந்திரம், வெட்டும் மேசை, சுவர் முழுக்கக் காகித மாதிரிகள் ஆணியில் தொங்கின. அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. யாருடைய கோட்டுக்கோ ஓரம் பிடித்துக்கொண்டிருந்தார், உதட்டுக்கு நடுவே நாலைந்து குண்டூசி. என் மாமனாரைப் பார்த்ததும் கை நின்றது. இருபத்து மூன்று வருடத்தில் அவர் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. எதிர்ப்பக்க நடைபாதையில் போவதுதான் அவர் வழக்கம்.

வாயில் ஊசி இருந்ததால் அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மாமனாரும் உட்காரவில்லை. மேசையில் கிடந்த துணியை ஒதுக்காமல் அதன் மேலேயே எட்டாம் தொகுதியை வைத்துப் பிரித்தார். பாரம், மறுகட்டு, கணக்கெடுப்பு, பரிசு, அலமாரி, பெட்டி என்று எல்லாவற்றையும் விடாமல் சொன்னார். ஒரு வார்த்தை பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்துக் கைகூப்பினார்.

அந்த அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். எட்டோ ஒன்பதோ புரட்டிய பிறகு நிமிர்ந்தார். அவர் பார்த்தது எங்களை அல்ல.

"அப்போ அவ ஏன் ஒத்துக்கிட்டா?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"என் தங்கச்சி, சார். அவளே ஒத்துக்கிட்டாளே. வாயால சொன்னாளே, நான்தான் வெட்டினேன்னு." குரல் உடையத் தொடங்கியது. "நான் வெட்டலன்னு எனக்குத் தெரியும். அப்போ வேற யாரு? என்கூட வந்தவ அவ ஒருத்திதான். அவளுக்கு வரைஞ்சு வரைஞ்சு கை வலிக்கும், சலிச்சுக்குவா. உங்க நோட்டீசப் பாத்துட்டு வந்து அவளத்தான் புடிச்சேன். ஒரு வாரம் கேட்டேன். அடிச்சேன். ஒத்துக்கிட்டா. வீட்ட விட்டுப் போடின்னு சொல்லிட்டேன். போயிட்டா. அம்மா அப்பா இல்லாத பொண்ணு சார் அவ, நான்தான் வளத்தேன்."

மாமனார் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தான் செய்தது ஒரு தப்பு, அதை மறைத்தது இன்னொரு தப்பு என்று அவர் எண்ணி வைத்திருந்தார். மூன்றாவதாக ஒன்று இருபத்து மூன்று வருடமாக இன்னொரு ஊரில் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்தில் யாராவது பேச வேண்டும் என்று நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, ஊர்ல எல்லாருமே தெரியாம..."

"உன்ன எனக்குத் தெரியும்மா" என்றார் அந்த அம்மா, கோபமே இல்லாமல். "பள்ளிக்கூடம் விட்டு வர கூட்டத்துல ரெட்டச் சடை போட்டுக்கிட்டுக் கடைசியா ஓடுவ. கதவத் தட்டிட்டு 'கத்திரி, கத்திரி'ன்னு கத்திட்டு. மத்தவங்க எல்லாம் ஓடினப்புறமும் நீ ஒரு தடவ கூடுதலா கத்துவ."

அதுதான் அந்தக் குறுகுறுப்பு. மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் துணித் துண்டுகள் கிடந்தன. நீலம், சாம்பல், மறுபடி நீலம். இப்போதும் கண்ணை மூடினால் அவைதான் தெரிகின்றன.

"மன்னிச்சுடுங்க" என்று மாமனார் ஒருவழியாகச் சொன்னார்.

"அது என்கிட்ட இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல சார். நானே இப்போ யார்கிட்ட போய்க் கேக்கறதுன்னு நிக்கறேன்." இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்து நீட்டினார். "அவ விலாசம். எங்க இருக்கான்னு எப்பவும் விசாரிச்சு வெச்சிருப்பேன். போனதில்ல. நீங்க போங்க. அந்தப் புத்தகத்த எடுத்துட்டுப் போய் அவகிட்ட காட்டுங்க."

தங்கை இருந்த ஊருக்குப் பேருந்தில் மூன்று மணி நேரம். பெரிய மருத்துவமனையில் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தார். அறை முழுக்க நீராவி. ஆறு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் உருண்டன, விரிப்புகள் மலைபோல் வந்து விழுந்தன. வெளியே வந்து பேசலாமா என்று நான் கேட்டதற்கு, "இன்னிக்கு ரெண்டு பேர் லீவு, இங்கயே சொல்லுங்க" என்று கத்தினார்.

மாமனார் மெதுவாக ஆரம்பித்தார். "என்ன?" என்றார் அவர். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "கேக்கல!" கடைசியில், வாழ்நாள் முழுக்க ஊரையே அடக்கி வைத்த மனிதர், வியர்வை வழிய, தொண்டை நரம்பு புடைக்க, அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினார்: "பக்கத்த யாரும் வெட்டலம்மா! நீங்களும் வெட்டல, உங்க அக்காவும் வெட்டல! தப்பு என் மேல! தெரிஞ்சும் பத்தொம்பது வருஷம் சொல்லல!"

விரிப்பு மடித்துக்கொண்டிருந்த பெண்கள் நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு இயந்திரம் அந்த நேரம் பார்த்துத் தன் சுற்றை முடித்து நின்றது.

தங்கை புத்தகத்தை வாங்கி, மடித்த விரிப்புகளின் மேல் வைத்து, 481-ஐப் பார்த்தார். ஒரு பாவாடை மடிப்பின் மேல் விரலை வைத்தார். "இத நான் ரெண்டு தடவ வரைஞ்சேன்" என்றார். அப்புறம் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை.

"அக்கா ஏழு நாள் விடாம கேட்டா சார். சாப்பிடும்போது கேப்பா, தலை வாரும்போது கேப்பா. எட்டாவது நாள், ஆமான்னு சொன்னா விட்டுடுவான்னு நெனச்சு ஆமான்னேன். வெளிய அனுப்பிட்டா. அதுகூடப் பரவால்ல. இங்க வந்து ரெண்டு மூணு வருஷம் போனதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நெசமாவே வெட்டினேனோ? வெட்டிட்டு மறந்துட்டேனோ? அன்னிலேர்ந்து வரையறதில்ல."

மாமனார் அங்கேயே, ஈரத் தரையில், முழங்காலை மடிக்கப் போனார். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார் தங்கை. "வேணாம் சார். வழுக்கும்" என்றார். அவ்வளவுதான். அக்காவைப் பார்க்க வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. அடுத்த இயந்திரமும் நின்றது, வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது மூன்று மணி நேரமும் மாமனார் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பியே வந்தார். நான் அழுவது அவருக்குத் தெரியக்கூடாது என்று எனக்கும், அவர் அழுவது எனக்குத் தெரியக்கூடாது என்று அவருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபத்தேழாம் வருடத்தைச் சொன்னார். இரண்டரைப் பக்கம் வந்தது. திரை தைத்தவர் யார் என்பதையும் பழைய பக்கத்தில் சேர்க்கச் சொன்னார்: தையல்காரம்மா ஏழு ஜன்னலுக்கும் கேட்காமலே அளவெடுத்துத் தைத்துக் கொண்டுவந்து மாட்டினார், பதிலுக்கு ஜன்னலோர மேசை மட்டும் கேட்டார். நான் அடித்தேன். பெயின்ட் கடைக்காரர் வாசித்துவிட்டுப் பதறிப்போனார்.

"விழா மலர்ல யாராவது அழுக்குத் துணிய வெளுப்பாங்களா சார்? பெரிய மனுஷங்க எல்லாம் வராங்க. பழைய சுவர்ல வெடிப்பு இருந்தா பட்டி பாத்து மேல ஒரு கோட்டு அடிக்கறதுதான் முறை."

"பட்டி பாத்தது போதும். அதத்தான் நான் பத்தொம்பது வருஷம் பண்ணினேன்."

தலைவர் கேட்கவில்லை. இரண்டரைப் பக்கத்துக்குப் பதிலாக 'இடையிடையே சிற்சில மனவருத்தங்களும் நேர்ந்தன' என்று ஒரு வரி போட்டு அச்சடித்துவிட்டார். மாமனார் தன் பெயரை எடுக்கச் சொன்னார், விழாவுக்கும் போகவில்லை. எட்டாம் தொகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். இப்போது அங்கே நூலகராக இருப்பவர் முப்பது வயதுப் பெண். அவரிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, தான் எழுதிய ஓர் அறிவிப்பை அதே பலகையில் முப்பது நாள் மாட்டும்படி கேட்டார். தன் உறுப்பினர் அட்டையையும் ரத்து செய்யச் சொன்னார்.

"அட்டைய ரத்து பண்ண எனக்கு அதிகாரம் இல்ல சார், அது கமிட்டி வேலை" என்றது அந்தப் பெண், பாவம், பயந்துபோய். "நோட்டீஸ் மட்டும் மாட்டறேன்."

மாட்டியது. 'தையல்காரர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவருடைய தங்கையும் செய்யவில்லை. சரிபார்க்காமல் பழி சுமத்தியவனும், தெரிந்த பின்பு மறைத்தவனும், நூலகத்தின் எட்டாம் தொகுதியை வீட்டுக்கு எடுத்துச் சென்றவனும் நானே.' கீழே கையெழுத்து. முத்துக்கள் கொஞ்சம் கலைந்திருந்தன.

ஊர் சும்மா இருக்குமா? முதல் வாரம் படிக்க வருபவர்களைவிடப் பலகையைப் பார்க்க வந்தவர்கள் அதிகம். 'உஷ்' என்ற பெயருக்கு அர்த்தம் மாறிப்போனது; 'வெளியில சொல்லாத, உஷ்' என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டிச் சிரித்தார்கள். என் கணவருக்கு அவமானமாகிவிட்டது. "வயசான காலத்துல இதெல்லாம் தேவையா அப்பா?" என்று ஒருநாள் கத்தினார். மாமனார் தினமும் காலை பத்து மணிக்குப் போய், பலகைக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். வருகிறவர்கள் அறிவிப்பைப் படித்துவிட்டுத் திரும்பினால் அவர் முகம்தான் தெரியும். முப்பது நாளும் போனார். காய்ச்சலடித்த இரண்டு நாளும் போனார். அந்த முப்பது நாளில் தையல்காரம்மா ஒருமுறைகூட வரவில்லை. அதற்குப் பிறகும் இதுவரை நூலகத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை.

நான் மட்டும் அவர் கடைக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை மன்னிப்புக் கேட்கப் போய், கேட்கத் தெரியாமல், தலையணை உறை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை கேட்டேன். "சின்னப் பிள்ளைங்க பெரியவங்க சொன்னதத்தானே கத்தும்" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அந்தக் கூடுதல் ஒரு தடவையை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது தடவை, போன மாதம், உறையை வாங்கப் போனபோது அவராகவே சொன்னார். தங்கை வந்திருந்தாராம். முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு மத்தியானம், கைப்பையோடு வாசலில் வந்து நின்றாராம்.

"என்ன பேசினீங்க அக்கா?"

"என்னத்தப் பேசறது? வாய் வரல. நான் அடிச்ச கன்னம் எதுன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவ நிக்கறா, நானும் நிக்கறேன். அப்புறம் என் கை என்ன பண்றதுன்னு தெரியாம கழுத்துல கெடந்த டேப்ப எடுத்து அவளுக்கு அளவு எடுத்தேன். தோள், கை, இடுப்பு. கையத் தூக்குன்னேன், தூக்கினா. ஒரு மணி நேரம் இருந்தா. கடைசி பஸ் இல்ல, அதுக்கு முந்தின பஸ்லயே போயிட்டா." சற்று நேரம் இயந்திரத்தை மிதித்தார். "தைக்கறேன். நீலத்துல. வந்து வாங்கிப்பாளா தெரியாது."

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் சொன்னேன். நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்த பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அந்த அம்மா என்னப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"இல்ல மாமா."

"சரிம்மா" என்றார். "அவங்க கேக்க வேண்டாம்."